மூன்றாவது கம்பி

சேரப்பணஞ்சேரி,
12 செப்டம்பர் 2022

ஜீவா அண்ணனுக்கு,

நீ வீட்டில் இருக்கிற நேரங்களில் மட்டும் என் இணைய இணைப்பு ஏன் அறுந்துபோகிறது? இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சந்தேகம் மட்டும் இருக்கிறது. சந்தேகத்தை விடையாக எழுதக் கூடாது என்று இருபத்திரண்டு வருடம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் கேள்வியாகவே கேட்கிறேன்.

நமக்கு நடுவில் ஒரு சுவர்தான். எட்டிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இணைய வேகத்துக்காகப் பேச ஆரம்பிப்பது எனக்கு அசிங்கமாகப் படுகிறது. எழுதினால் யோசித்துப் பேசுவோம் என்பதாலும், வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி இருக்கட்டும் என்பதாலும், படப்பை தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அப்பா பெயரில் இருக்கும் தொலைபேசிக் கம்பி, தெருக் கம்பத்திலிருந்து உன் பாதி வீட்டின் கூடத்துக்குள் வருகிறது. அங்கே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து ஒரு கிளை சுவரைத் துளைத்துக்கொண்டு என் பாதிக்கு வருகிறது. அதன் முனையில்தான் என் மோடம். ஆக, என் இணையம் முழுக்க உன் வீட்டு வழியாகத்தான் எனக்கு வந்து சேர்கிறது. வீட்டைப் பிரித்தபோது சமையலறையைப் பிரித்தோம், தோட்டத்தைப் பிரித்தோம். இதைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 22 முதல் மூன்று வாரம் குறித்து வைத்திருக்கிறேன். நீ காலை ஷிஃப்ட் போகும் வாரங்களில், கம்பெனி பஸ் வருவதற்கு முன் ஐந்து மணிக்கு ஒரு முறை அறுகிறது. நீ திரும்பிய பிறகு நாலரைக்கு ஒரு முறை, ஆறேகாலுக்கு ஒரு முறை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் எல்லாம் பகல் ஒன்றரைக்குள் முடிந்துவிடுகிறது. நீ கிளம்பிய பிறகு ஒன்றுமில்லை. செப்டம்பர் 1 வியாழக்கிழமை நீ வேலைக்குப் போகவில்லை. அன்று மாலையும் அறுந்தது. 8, 9, 10 தேதிகளில் குடும்பத்தோடு காஞ்சிபுரம் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். அந்த மூன்று நாளும் ஒரு முறைகூட அறவில்லை. அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

அறாத நேரத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? எட்டு எம்பி என்று சொல்லிக் கொடுத்த இணைப்பு, ஒரு எம்பியைத் தொடுவதற்கே மூச்சு வாங்குகிறது.

இதெல்லாம் தற்செயல் என்று ஒரு மாணவன் எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன். நீதான் கம்பியைப் பிடுங்குகிறாய் என்று எழுதினாலும் போட மாட்டேன். ஆனால் இரண்டில் எதை நான் அதிகம் நம்புகிறேன் என்று கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன்: இரண்டாவதை.

அப்படி இருந்தால், உன் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியாததல்ல. நிறுத்திவிடு என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தென்றல்


16 செப்டம்பர்

தென்றலுக்கு,

உன் ரிஜிஸ்டர் தபால் நேற்று வந்தது. தபால்காரர் ரத்தினம் உன் வாசலைத் தாண்டித்தான் என் வாசலுக்கு வந்தார். நான் கையெழுத்துப் போடும்போது என் வாடகை அறைகளில் குடியிருக்கிற பையன்கள் நாலு பேர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா ஜீவா, பக்கத்து வூட்லேர்ந்து ரிஜிஸ்டரு? சொத்து கேஸா?" என்று ரத்தினம் கேட்டார்.

"இல்லண்ணே, கரண்டு கேஸு" என்றேன். வேறு என்ன சொல்ல? உன் அண்ணி செங்கமலம் உள்ளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. நேராகச் சொல்கிறேன். நான் எந்தக் கம்பியையும் பிடுங்கவில்லை. இருபத்தேழு வருடமாக மெயின்டனன்ஸில் இருக்கிறேன். நின்றுபோன லைனை ஓட வைப்பதுதான் என் வேலை. ஓடுகிற லைனை நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை.

செப்டம்பர் 1 என்று எழுதியிருக்கிறாய். அன்று நான் ஏன் வேலைக்குப் போகவில்லை தெரியுமா? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு, கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தேன். மோட்டார் சாவியைக்கூட செங்கமலம்தான் வாங்கிக்கொண்டு போனாள். வேண்டுமானால் அவளைக் கேள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வலியில் முனகுவது கேட்கவில்லை, மோடம் விளக்கு அணைவது மட்டும் தெரிகிறது.

என் கோபத்தின் காரணம் தெரியும் என்கிறாய். தெரியாது. போன வருடம் உன் காலேஜில் உன் டிபார்ட்மெண்ட்டை மூடினார்கள். எங்கள் கம்பெனி டிரெயினிங் செக்‌ஷனில் ஒரு இடம் இருந்தது. ஹெச்ஆரிடம் மூன்று வாரம் நடந்து இன்டர்வியூ வாங்கினேன். அன்று ஒன்பது மணிக்கு இரண்டாம் நம்பர் கேட்டில் உனக்கு விசிட்டர் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு நின்றேன். பத்தேகால் வரை நின்றேன். செல்போனை செக்யூரிட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள், உனக்குத் தெரியும். செக்யூரிட்டி அந்தோணிராஜ் ரெண்டு தடவை நாற்காலி போட்டார். மூன்றாம் தடவை, "இன்னா சார், தங்கச்சி வர்லியா? படிச்சவங்க, வேற எடம் கெட்ச்சிருக்கும்" என்றார். எனக்காக அவர் ஒரு சாக்கு கண்டுபிடித்துக் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் வந்து நான் கத்தியது தப்புதான். நாற்பத்தேழு வயசுக்காரியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நின்றது நான்.

இதை உன் ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டுப் போகிறேன். படப்பைக்குப் போய் வரிசையில் நிற்க எனக்கு நேரம் இல்லை.

ஜீவானந்தம்

அட்டவணை நன்றாகப் போட்டிருக்கிறாய். எங்கள் கம்பெனியில் இப்படிப் போட ஆள் இல்லை. அதற்குத்தான் கூப்பிட்டேன்.


19 செப்டம்பர்

அண்ணா,

நீ கேட்டில் நின்றது எனக்கு உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். வர மாட்டேன் என்று அன்று காலையில் அண்ணியிடம் சொன்னேன். அதற்குள் உன் பஸ் போய்விட்டது. நான் வராததைப் பார்த்து நீயே ஹெச்ஆரிடம் சொல்லிக்கொள்வாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாய் என்று நினைக்கவில்லை.

என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். என் அலமாரியைத் திறந்து, என் சான்றிதழ்களை எடுத்துப்போய் நகல் எடுத்து, என்னைக் கேட்காமல் கொடுத்தாய். இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சொன்னாய். வேலை பிடிக்கவில்லை என்பதல்ல. வேலையைப் பற்றி யோசிக்கவே எனக்கு இடம் கொடுக்கவில்லை. யாரோ வயதுக்கு வந்த பெண்ணுக்கு வரன் முடித்துவிட்டு வந்ததுபோல் வந்து நின்றாய்.

இது இருக்கட்டும். சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். புகார் கொடுத்து ஒன்பதாம் நாள் தொலைபேசி அலுவலகத்திலிருந்து நம்பிராஜன் என்று ஒரு மெக்கானிக் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கம்பத்தில் ஏறி ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்.

"யக்கா, போஸ்ட்டு வரைக்கும் லைன் அம்சமா வருது. ஏழரை, எட்டு காட்டுது. ஒங்க வீட்டுக்குள்ளதான் எங்கயோ சீரழியுது. எத்தன எடத்துல கிளை எடுத்திருக்கிய?"

"ஒன்றுதான். எனக்கு."

"மொதப் பெட்டி எங்க இருக்கு?"

"என் அண்ணன் வீட்டில்."

"அப்பம் அங்க போயி பாப்பம், வாங்க."

நான் நகரவில்லை. உன் வீடு பூட்டியிருக்கிறது என்றேன். அது உண்மையும்தான், அண்ணி படப்பை சந்தைக்குப் போயிருந்தார். ஆனால் திறந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சரிக்கா. அந்தப் பெட்டியத் தொறந்து கம்பிய எண்ணச் சொல்லுங்க. வர்றது ஒரு ஜோடி, ஒங்களுக்குப் போறது ஒரு ஜோடி. அதுக்கு மேல ஒண்ணு கெடந்துச்சுன்னா அதுதான் வில்லங்கம். சும்மா கெடக்க கம்பி சும்மா இருக்காது, பாத்துக்கிடுங்க. ஊர்ல உள்ள இரைச்சலயெல்லாம் இழுத்துட்டு வந்து ஒங்க லைன்ல கொட்டும்."

எனக்கு ஏன் இது முக்கியம் என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்டோபர் 5, விஜயதசமி அன்று மாலை ஆறு மணிக்கு, பெங்களூரில் இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு நான் இணையத்தில் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பிடித்திருந்தால் வாரம் ஐந்து நாள் வேலை. ஆகஸ்டில் வேறொரு நிறுவனத்துக்கு இப்படி எடுத்தேன். பாதி வாக்கியத்தில், வாயைத் திறந்தபடி, பதினோரு நிமிடம் என் முகம் அவர்கள் திரையில் உறைந்து நின்றதாம். அவர்கள் மரியாதையாக வேண்டாம் என்றார்கள். கைப்பேசி இணையத்தை நம்பலாம் என்றால், ஷிஃப்ட் விட்டு இந்த ஊர் அறைகளுக்கெல்லாம் ஆட்கள் திரும்பியதும் டவர் திணறிப்போகிறது. கண்ணாடி இழைக் கேபிள் ஒரகடம் சாலையோடு நிற்கிறது. நம் தெருவுக்கு வர இன்னும் ஆறு மாதம் என்று ஒன்றரை வருடமாகச் சொல்கிறார்கள். இந்த வகுப்பும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அறை பார்க்க வேண்டியதுதான். நாற்பத்தெட்டு வயதில் அதற்கு எனக்குத் தெம்பில்லை.

உன் கூடத்துப் பெட்டியைத் திறந்து கம்பிகளை எண்ணிச் சொல்ல முடியுமா? பழி சொல்லிவிட்டு உதவி கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பல்லைப் பற்றி அண்ணியைக் கேட்கவில்லை. கேட்காமலே நம்பப் பார்க்கிறேன். கொஞ்சம் நேரம் கொடு.

தென்றல்


30 செப்டம்பர்

தென்றலுக்கு,

போன வாரம் முழுக்க OT. பூஜை லீவுக்கு முன்னால் டிஸ்பேட்ச் முடிக்க வேண்டும் என்று உயிரை வாங்கிவிட்டார்கள். அதனால் லேட். கோபத்தில் லேட் என்று எழுதிக்கொள்ளாதே.

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். மூன்று ஜோடி இருக்கிறது.

ஒன்று கம்பத்திலிருந்து. ஒன்று உனக்கு. மூன்றாவது எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஏணி போட்டுப் பின்னாலேயே போனேன். ஓட்டுக் கூரை விளிம்போடு போய், பின்பக்கம் இறங்கி, பி.வி.சி. பைப்புக்குள் நுழைந்து, மோட்டார் ரூமுக்குள் வந்தது. அங்கே சுவரில் ஒரு பெல். கொல்லையில் வேலை செய்யும்போது போன் வந்தால் கேட்க வேண்டும் என்று அப்பா மாட்டிய பெல். அது மேல் குளவி கூடு கட்டி, ஒரு மண்ணுருண்டை மாதிரி இருக்கிறது. தினமும் அந்த ரூமுக்குள் போகிறேன், அது பெல் என்று எனக்கு மறந்தே போயிற்று. அது அடித்துப் பத்து வருடம் இருக்கும். ஆனால் கம்பி மட்டும் பெட்டியில் இறுக்கமாக நிற்கிறது.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி.

மோட்டாருக்குள் இருக்கிற காயில் கம்பி ரெண்டு தடவை எரிந்ததிலிருந்து, எப்போது போட்டேன் எப்போது நிறுத்தினேன் என்று மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதி வைப்பேன். பையன்கள் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள் என்று சாவி என்னிடம்தான். அதனால் நான் வீட்டில் இருந்தால்தான் மோட்டார் ஓடும். உன் அட்டவணையை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து மணி, ஐந்து மணி. நாலரை, நாலரை. ஆறேகால், ஆறேகால். நாங்கள் கல்யாணத்துக்குப் போன மூன்று நாள் பையன்கள் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்துக்கொண்டார்கள். கதவிலும் ஒன்றும் இல்லை, உன் தாளிலும் ஒன்றும் இல்லை. செப்டம்பர் 1க்கு மட்டும் எழுத்து வேறு. செங்கமலம் எழுதியது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அறைகள் கட்டியபோது மோட்டாருக்குப் புது கேபிள் இழுத்தவன் நான். தனி பைப் போடச் சோம்பல்பட்டு, ஏற்கெனவே இருந்த பைப்பிலேயே, அந்த பெல் கம்பி போகிற பைப்பிலேயே, நுழைத்துவிட்டேன். பவர் கேபிளையும் சிக்னல் கேபிளையும் ஒன்றாக விடக் கூடாது என்று கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவனும் நான்தான். அங்கே யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

ஆக நீ சொன்னது பாதி சரி. உன் லைனைக் கெடுத்தது என் கைதான். வேண்டுமென்று இல்லை.

இது என் கணக்கு. நீ சும்மா நம்ப மாட்டாய். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மோட்டாரை மூன்று தடவை போட்டு நிறுத்துகிறேன். அதற்கு மேல் போட்டால் காயில் போய்விடும். நீ விளக்கைப் பார்.

ஜீவானந்தம்


2 அக்டோபர், மாலை

அண்ணா,

சோதனையின் முடிவை எழுதுகிறேன்.

அண்ணியிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன். மோட்டார் எப்போது ஓடுகிறது என்று எனக்குத் தெரியக் கூடாது. அவர் நேரத்தை எழுதி வைக்கட்டும், விளக்கு அணையும் நேரத்தை நான் தனியாக எழுதுகிறேன், பிறகு ஒப்பிடலாம் என்று. அறைக் கதவைச் சாத்தி, சத்தம் கேட்காதபடி மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு மோடத்தின் முன் உட்கார்ந்தேன். அண்ணி நாற்காலி மேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு நின்றார். முதல் நிமிடத்திலேயே என் நிபந்தனை காற்றில் போயிற்று.

"தென்றலு! போட்டுட்டாரு! வெளக்கு போச்சா?"

"அண்ணி, சொல்லக் கூடாதுன்னு சொன்னேனே."

"சொல்லாம எப்டிம்மா? போச்சா இல்லியா, அத்த சொல்லு!"

"போச்சு."

"யோவ், போச்சாம்! நிறுத்து!" என்று அந்தப் பக்கம் திரும்பி உன்னைப் பார்த்துக் கத்தினார். அறைகளில் இருக்கிறவர்களெல்லாம் வெளியே வந்து நின்றுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது முறை விளக்கு அணைந்தபோது யாரோ விசில் அடித்தார்கள். மூன்றாவது முறைக்குக் கைதட்டல்.

மூன்றுக்கு மூன்று. மோட்டார் ஓடியதும் ஐந்தாறு விநாடிக்குள் விளக்கு போகிறது. நிறுத்திய பிறகு இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்ப வருகிறது. முறையான சோதனை என்று இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்றாவது முறை விளக்கு அணைந்தபோது எனக்கு ஆத்திரம் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியதுபோல் இருந்தது. இணைப்பு இன்னும் சரியாகவில்லை, வகுப்புக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. ஆனாலும் இறங்கிவிட்டது.

தென்றல்


4 அக்டோபர், ஆயுத பூஜை

தென்றலுக்கு,

ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கம்பியை அறுத்திருப்பேன். உன் கடிதத்தில் அறு என்று இல்லை. அப்பா போட்ட கம்பி, வீடு ரெண்டு பேருக்கும் பொது. போன தடவை உன்னைக் கேட்காமல் செய்துதான் இவ்வளவும். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். நம்பிராஜன் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினேன். பெல் கம்பியை எடுத்தால் விளக்கு அணையாது. ஆனால் வேகம் முழுசாக வர வேண்டும் என்றால், முதல் பெட்டியிலேயே போனுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று பிரித்து, புது ஜோடி ஒன்றை ஜாயிண்ட் இல்லாமல் நேராக உன் மோடத்துக்கு இழுக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் உன் பக்கத்து போன் வேலை செய்யாது. மணி என் கூடத்தில் மட்டும்தான் அடிக்கும். உனக்கு போன் வந்தால் நான்தான் கூப்பிட வேண்டும். நீ வர வேண்டும். யோசித்துச் சொல்.

சரி என்றாலும் இன்று முடியாது. நேற்று கம்பெனியில் பூஜை முடிந்து, பொரியும் சுண்டலுமாக வந்து படுத்தேன். காலையில் எழுந்தால் என் டூல் பாக்ஸ் முழுக்க சாமி படத்துக்கு முன்னால், பொட்டு வைத்து, பூ வைத்து.

"ஒரு ஸ்குரூ டிரைவரு குடு" என்றேன்.

"சாமிக்கு வெச்சத தொடுவியா நீ? நாளிக்கு மறுபூஜ போட்டுட்டு எடு" என்றாள் உன் அண்ணி.

"கத்திரிக்கோலாவது குடு."

"அதுவும் அங்கதான் கீது."

"அருவாமனை?"

"இன்னிக்கு தயிர் சாதந்தான். காய் நறுக்கவே நான் தொடல, நீ கம்பி அறுக்க கேக்கறியா?"

கம்பெனியில் கிரேன் முதல் ஸ்பேனர் வரை எல்லாம் சந்தனம் பூசி நிற்கும்போது, வீட்டில் மட்டும் அவளை எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. நாளை காலை மறுபூஜை ஏழு மணிக்கு. உன் வகுப்பு ஆறு மணிக்கு. நடுவில் பதினோரு மணி நேரம் இருக்கிறது. எனக்கு ஒரு மணி நேரம் போதும்.

சரி என்றால் ஒரு வரி எழுதிப் போடு.

ஜீவானந்தம்


4 அக்டோபர், பகல்

அண்ணா,

அறுத்துவிடு.

தென்றல்


4 அக்டோபர், மாலை

அண்ணா,

காலையில் ஒரு வரிதான் கேட்டாய், ஒரு வரிதான் கொடுத்தேன். இதை இன்று கொடுக்கப்போவதில்லை. நாளை எப்படிப் போனாலும், போன பிறகு கொடுக்கிறேன். நன்றாக நடந்ததால் மன்னிப்புக் கேட்டாள் என்றோ, நடக்காததால் கேட்கவில்லை என்றோ ஆகிவிடக் கூடாது. அதற்காகத்தான் முடிவு தெரிவதற்கு முன் எழுதுகிறேன்.

அட்டவணையைப் பார்த்துவிட்டு உன்னைச் சந்தேகப்பட்டதுபோல் முதல் கடிதத்தில் எழுதினேன் அல்லவா? உண்மை அப்படி இல்லை. உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் அட்டவணை போட்டேன். இணைப்பு அறும் நேரங்களை எழுதிய தாளில், இரண்டாவது பத்திக்கு நான் வைத்த தலைப்பு "அண்ணன் வீட்டில்" என்பதுதான். காற்று, மழை, மின்சாரம், மோட்டார், எத்தனையோ இருந்தன. வேறு எதற்கும் நான் ஒரு பத்தி ஒதுக்கவில்லை. வேண்டியதை மட்டும் எண்ணினால் வேண்டியதுதான் கிடைக்கும். இதை இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

நீ கதவிலிருந்த நேரங்களை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். உன் தவற்றை நீயே கண்டுபிடித்து எனக்கு எழுதி அனுப்பினாய். மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

உன் கம்பெனி வேலை எனக்கு இப்போதும் வேண்டாம். ஆனால் கேட்டில் நீ நின்ற ஒன்றேகால் மணி நேரத்துக்கு என்னை மன்னித்துவிடு. வர மாட்டேன் என்று உன்னிடமே சொல்லியிருக்க வேண்டும்.

நாளை ஆறிலிருந்து ஏழு வரை மோட்டார் போட வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். உன் வேலையில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பயம்தான்.

5 அக்டோபர், இரவு எட்டு மணி. நடந்தது இது.

காலை ஏழேகாலுக்கு நீ கம்பியை அறுத்தாய். எட்டரைக்குப் புது ஜோடி என் அறைக்கு வந்தது. சுவரின் துளை வழியாக அதை நீ தள்ளினாய், நான் இந்தப் பக்கம் பிடித்து இழுத்தேன். "இன்னும் வுடு" என்றேன். "இந்தா" என்றாய். அவ்வளவுதான் பேசினோம். வேகம் ஏழு புள்ளி நான்கு. மூன்று முறை அளந்தேன்.

ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கியது. திரையில் பதினாறு முகங்கள். ஆறேகாலுக்கு, திட்டவிலக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. என் கை பலகையில் நின்றுவிட்டது. மோடத்தைப் பார்த்தேன். ஐந்து விநாடி, பத்து, இருபது. விளக்கு அப்படியே இருந்தது. "மேடம், ஏதாவது பிரச்சினையா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு மேலே நடத்தினேன். ஆறே முக்காலுக்கு முடித்தேன்.

ஏழு பத்துக்கு நீ சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "தென்றலு, போனு! பெங்களூரு!" என்று கத்தினாய். உன் கூடத்துக்கு வந்து பேசினேன். அந்த நிறுவனத்தின் சுவாதி. திங்கள் முதல் வரச் சொல்கிறார்கள்.

ரிசீவரை வைத்துவிட்டு, மோட்டாரை யார் போட்டது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாய்.

"வேணாம்னு சொல்லியிருந்தேனே? போயிருந்தா?"

"போவாது. மோட்டாரு ஓடாம நடந்திருந்தா நாளிக்கு நீ நம்புவியா? ஆயுசுக்கும் எத்தினி மணிக்கு மோட்டாருன்னு கேட்டுனு இருப்ப."

எனக்கு ஒரு நொடி கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நம்பியிருக்க மாட்டேன். அண்ணி கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். நின்றபடியே சாப்பிட்டேன், பிறகு உட்கார்ந்தேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறு மணிக்கு வகுப்பு. ஆறேகாலுக்கு மோட்டார் போட்டுக்கொள்.

தென்றல்